ஓசூரிலிருந்து ஒகேனக்கல்: ஒரு பயணத் திட்டமும் கொஞ்சம் வரலாறும்



செமஸ்டர் தேர்வு முடிகிற சமயம். வகுப்பில் நாங்கள் ஐந்து பேர் எங்காவது ஓர் அருவிக்குப் போவது என்று முடிவு செய்தோம். ஏற்காடு போய்ப் போய் அலுத்துவிட்டது. ஊட்டிக்குப் போகக் காசு இல்லை. "காட்டுக்கு நடுவே, தேசியப் பூங்கா மாதிரி இடத்தில், செல்போன் சிக்னல்கூட வராத அருவியாகப் பாருங்கடா" என்றான் ஒருவன். அவன் காட்டிய படங்கள் எல்லாம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தன. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் நாங்கள் நின்ற இடம் ஒகேனக்கல்.

"இதுக்குத்தான் இவ்வளவு பில்டப்பா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் ஐவரில் இருவர் வீட்டில் தமிழ், இருவர் வீட்டில் தெலுங்கு, ஒருவன் வீட்டில் கன்னடம். ஓசூரில் இது சாதாரணம். திட்டம் பேசும்போது கன்னட நண்பன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "எந்தக் கரையிலிருந்து பார்க்கப் போறோம்? உங்க கரையா, எங்க கரையா?" இன்னொருவன், "ஒகேனக்கல்ல ஏதுடா உங்க கரை?" என்றான். அடுத்த பத்து நிமிடத்தில் காவிரி, வழக்கு, பஸ் நிறுத்தம், சினிமாத் தியேட்டர் எல்லாம் கேன்டீன் மேசைக்கு வந்துவிட்டன. அவன் டீயைக் குடிக்காமலே எழுந்து போனான். ராத்திரி வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டான்.

பயணத்துக்கு வழி, செலவு எல்லாம் பார்க்கிற பொறுப்பு என் தலையில் இருந்தது. வழியைத் தேடப் போய் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். ஒரு பயணத்துக்கு முன்னால் நாம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளையே இங்கே வரிசையாக வைத்திருக்கிறேன். பதில்கள்தான் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

எந்தக் காடு?

முதலில் ஒரு திருத்தம். ஒகேனக்கல் தேசியப் பூங்காவுக்குள் இல்லை. அது தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பகுதியில் காவிரிக் கரையில் இருக்கிறது. ஓசூருக்கு மிக அருகில் உள்ள தேசியப் பூங்கா என்றால் கர்நாடகத்தின் பன்னேருகட்டா. அது 1974இல் அமைந்தது.

ஆனால் இரண்டையும் இணைக்கிற ஒன்று உண்டு, யானை! பன்னேருகட்டாக் காடு தெற்கே இறங்கி ஜவளகிரி, தளி, அஞ்செட்டி வழியாகக் காவிரிவரை தொடர்கிறது. மழை முடிந்து ராகி முற்றுகிற காலத்தில் பன்னேருகட்டா பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் நம் பக்கம் வருவதை ஓசூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் காட்டின் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 2014இல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயமாக அறிவித்தது. பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம் வந்தது. அது சுமார் 686 சதுர கிலோமீட்டர். ஆற்றின் அக்கரையில் கர்நாடகத்தின் காவிரி வன உயிரின சரணாலயம் 1987 முதலே இருக்கிறது.

ஆக, காடு ஒன்றுதான். அரசாங்கங்கள் அதைத் தனித்தனியாகப் பெயர் வைத்துக் காக்கின்றன. யானைக்கு எந்தப் பலகையையும் படிக்கத் தெரியாது.

எந்த வழி?

ஓசூரிலிருந்து இரண்டு வழிகள். ஒன்று நெடுஞ்சாலை வழி: கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம், ஒகேனக்கல். தருமபுரியிலிருந்தே 46 கிலோமீட்டர் என்றால் மொத்தத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று காட்டு வழி: தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல். இது தூரம் குறைவு. ஆனால் மலைப்பாதை, வளைவுகள், யானை நடமாட்டம்.

நாங்கள் இரண்டாவதைத்தான் எடுத்தோம். அப்பாவிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அஞ்செட்டி வழியா? வேண்டாம்" என்றார். அப்பா சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தது 1990களில். அந்தக் காலத்தில் கம்பெனி நண்பர்களோடு ஒகேனக்கல் போனாலும் தருமபுரி சுற்றித்தான் போவார்களாம். காரணம் ஒரே பெயர், வீரப்பன்.

வீரப்பனின் ஊரான கோபிநத்தம் ஒகேனக்கல்லுக்கு அக்கரையில், கர்நாடக எல்லைக்குள் இருக்கிறது. அவனைச் சரணடைய வைக்கப் பேசிப் பார்த்த வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் 1991 நவம்பர் 10 அன்று கொல்லப்பட்டார். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டார். 108 நாள் கழித்துத்தான் விடுதலை. அந்த 108 நாளும் பெங்களூரில் வேலை பார்த்த தமிழர்களும், அவர்களுக்காக ஓசூரில் காத்திருந்த குடும்பங்களும் பட்ட பயத்தை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே தமிழக அதிரடிப்படை வீரப்பனைச் சுட்டுக் கொன்றது.

இந்தக் கதையில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு. அவனைத் தேடிய படைகளிடம் சிக்கிய மலைக் கிராமத்து மக்கள். சித்திரவதைப் புகார்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவர்கள் ஆற்றின் இரு பக்கத்திலும் வாழ்ந்தவர்கள். அவர்களில் யாருக்கும் "நான் எந்த மாநிலம்" என்பது காப்பாற்றக் கைகொடுக்கவில்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லி, "அவன் செத்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சுப்பா" என்றேன். "அது சரி... யானை சாகலையே" என்றார். நியாயமான வாதம். இருட்டுவதற்குள் அஞ்செட்டி தாண்டிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

எந்தக் கரை?

இப்போது சண்டைக்கு வருவோம்.

ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம். 'ஹொகே' என்றால் புகை. கல் என்பது நமக்கும் கல்தான். நீர் பாறையில் மோதித் திவலையாக எழும்போது கல்லே புகைகிற மாதிரி தெரியும். அதனால் இந்தப் பெயர். "பார்த்தியா, பெயரே எங்க பாஷை" என்று நண்பன் சொன்னதில் தப்பில்லை. அதே சமயம் பெயரை வைத்துப் பட்டா போட முடியாது. அப்படிப் போட்டால் நம் சுற்றுவட்டாரத்தில் பாதி ஊரின் பெயர்கள் தெலுங்கும் கன்னடமும்தான்.

எல்லையின் கதை என்ன? 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாரமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் எல்லாம் அதில் அடங்கும். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னராகி, இன்று தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையாக இருப்பவர் அவர்தான். ஆனால் ஓசூர் 1792இல் கைமாறவில்லை. அது 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே கம்பெனியிடம் வந்தது. அதாவது அந்த ஏழு ஆண்டு, ஓசூர்க்காரன் கிருஷ்ணகிரி போனால் அது வேறு அரசாங்கம்!

ஒகேனக்கல்லிலும் அந்த ஏழு ஆண்டு காவிரியின் இடது கரை கம்பெனிக்கு, வலது கரை மைசூருக்கு. 1799க்குப் பிறகு வலது கரையில் இருந்த கொள்ளேகாலம் தாலுகாவும் கம்பெனிக்குப் போய், கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. இடது கரை சேலம் மாவட்டம். இரண்டுமே சென்னை மாகாணம். அதிலிருந்து 150 ஆண்டுகளுக்கும் மேல் ஒகேனக்கல்லில் மாநில எல்லை என்ற ஒன்று கிடையாது. ஆற்றைக் கடந்தால் வேறு மாவட்டம், அவ்வளவுதான்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. கொள்ளேகாலம் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போனது. ஓசூர் தமிழ்நாட்டிலேயே இருந்தது. அன்றைக்குத்தான் எல்லைக்கோடு திரும்பவும் ஆற்றுக்குள் இறங்கியது. கோடு போட்டாலும் பேச்சு பிரியவில்லை. கோபிநத்தத்தில் இன்றும் தமிழ் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் தளி, அஞ்செட்டி மலைகளில் கன்னடமும் தெலுங்கும் கேட்கலாம். ஓசூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டத்தில் இருந்தது, 1965இல் தருமபுரி மாவட்டம் ஆனது, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆனது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதைப் படித்த அன்று இரவே கன்னட நண்பனுக்கு போன் செய்தேன். முதலில் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தான். "உங்க தாத்தா எந்த ஊருடா?" என்று கேட்டேன். "கொள்ளேகாலம் பக்கம். ஏன்?" என்றான். "அவரோட பழைய பள்ளிச் சான்றிதழ் இருந்தா பாரு" என்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினான். மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு தாள். மாவட்டம் என்ற இடத்தில் கோயம்புத்தூர் என்று இருந்தது. கீழே அவன் எழுதியிருந்தான்: "எங்க தாத்தா மெட்ராஸ்காரராம்டா. அவரே சொல்றாரு :)"

குழுவில் திரும்பச் சேர்ந்துவிட்டான்.

எந்த மாதம்?

"அருவியில தண்ணி எப்ப நல்லா வரும்?" என்பது எளிய கேள்வி மாதிரி தெரியும். பதில் வானத்திடம் மட்டும் இல்லை. குடகு, வயநாடு மலைகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டி, கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் (நம் பெரியவர்கள் சொல்கிற கண்ணம்பாடி அணை), கபினி அணைகள் நிரம்பி, உபரி நீரைத் திறந்தால் ஓரிரு நாளில் இங்கே ஆறு மாறிவிடும். கண்ணம்பாடிக்கும் கீழே உள்ள மேட்டூருக்கும் வழிவகுத்தது 1924இல் சென்னையும் மைசூரும் செய்த ஒப்பந்தம். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. ஒகேனக்கல் இந்த இரண்டு அணைகளுக்கும் இடையில் இருக்கிறது. அதனால் இங்கே விழுகிற நீர் எப்போதும் ஒரு கணக்கில் வந்து இன்னொரு கணக்கில் சேர்கிற நீர்.

அந்தக் கணக்கை அளக்கிற இடம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் உள்ளது என்பது பலருக்குத் தெரியாது. செய்தியில் அடிக்கடி கேட்கிறோமே, பிலிகுண்டுலு? அது அஞ்செட்டி பக்கத்தில் காவிரிக் கரையில் இருக்கிற ஒரு சிற்றூர். மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் அங்கே இருக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னபோது, அது அளந்து தரப்பட வேண்டிய இடம் பிலிகுண்டுலு. அதற்கு முன் 2007இல் நடுவர் மன்றம் சொன்னது 192 டி.எம்.சி.

பயணத் திட்டத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் வெள்ளம் அதிகமாக வந்தால் மாவட்ட நிர்வாகம் அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடும். கிளம்பும் நாள் காலையில் பிலிகுண்டுலு நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆடிப் பதினெட்டு அன்று போனால் தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும்.

பரிசல் பற்றியும் ஒரு வார்த்தை. மூங்கிலில் பின்னிய வட்டக் கூடை, வெளியே ஒரு உறை. முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். சுமார் 1520இல் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ் துங்கபத்திரையில் இதே மாதிரி படகைப் பார்த்து எழுதியிருக்கிறார். அதற்கும் இரண்டாயிரம் ஆண்டு முன்னால் கிரேக்கரான ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்கு வரும் தோல் உறை போட்ட வட்டப் படகுகளைப் பற்றி எழுதினார். ஆற்றோடு வந்து சரக்கை விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்களாம். நம் பரிசல்காரர்கள் பரிசலையே தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைமேல் நடப்பார்கள். உயிர்காப்பு உடை தராமல் யாராவது ஏறச் சொன்னால் ஏறாதீர்கள்.

யாருடைய தண்ணீர்?

கேன்டீனில் சண்டை பற்றியது இந்தக் கேள்வியில்தான். எனக்கு இதில் சொந்தக் கதையும் இருக்கிறது.

என் பாட்டிக்கு ஊர் பாலக்கோடு பக்கம். பாட்டி சிரிக்கும்போது வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வார். வெட்கம் என்று சின்ன வயதில் நினைத்தேன். பல் முழுக்கப் பழுப்புக் கறை. அந்தத் தெருவில் பாட்டி வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் சிரிம்மா" என்று கேட்பார்களாம், பல்லைப் பார்ப்பதற்காக. காரணம் கிணற்று நீரில் இருந்த ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. பல் உருவாகிற சின்ன வயதில் குடித்தால் கறை நிரந்தரம். இன்னும் அதிகமாக, நெடுநாள் குடித்தால் எலும்பும் வளையும்.

இதற்காக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 1998இல் மத்திய அரசின் முன்னிலையில் பேசி, பெங்களூரின் காவிரிக் குடிநீர் விரிவாக்கத்துக்குத் தமிழ்நாடும் ஒகேனக்கல் திட்டத்துக்குக் கர்நாடகமும் ஆட்சேபம் இல்லை என்றன. 2008 பிப்ரவரி 26 அன்று முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதமே பிரச்சினை வெடித்தது. ஒகேனக்கல்லில் எல்லையைக் கூட்டாக அளக்க வேண்டும் என்று கர்நாடகத்தில் குரல் எழுந்தது. இரு பக்கமும் போராட்டங்கள், பேருந்துகள் நின்றன, பெங்களூரில் தமிழ்ப் படங்கள் நின்றன. ஏப்ரல் 4 அன்று சென்னையில் திரையுலகினர் உண்ணாவிரதம் இருந்தார்கள். மறுநாள், கர்நாடகத்தில் தேர்தல் முடியும்வரை பொறுப்போம் என்று கருணாநிதி அறிவித்தார். பிறகு ஜப்பானிய நிறுவனக் கடனுதவியோடு வேலை நடந்து, 2013 மே 29 அன்று முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல்.

ஒகேனக்கல்லைவிட ஓசூர் 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரம் நீரை ஏற்றித்தான் நம் குழாய்க்குக் கொண்டுவருகிறார்கள். பெங்களூரும் 1974 முதல் காவிரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேலே ஏற்றித்தான் குடிக்கிறது. என் நண்பனின் அத்தை வீடு பெங்களூரில். அங்கே குழாயில் வருவதும் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் ஒரே ஆறு. நடுவில் நாம்தான் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

இதனால் பங்கீட்டுச் சண்டையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. டெல்டா விவசாயிக்கும் மண்டியா விவசாயிக்கும் ஒவ்வொரு டி.எம்.சி.யும் சோறு. அதை அளந்துதான் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் பிலிகுண்டுலுவும் நீதிமன்றமும். ஆனால் 1956இல் ஒரு தாலுகா இடம் மாறியதால் வந்த கோட்டை, ஆதியிலிருந்தே இருந்த மாதிரி நினைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரனிடம் "உன் கரை, என் கரை" என்று பேசுவதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

என் சித்தி பெண் பிறந்தது 2014இல், அதே பாலக்கோடு பக்கத்து ஊரில். அவளுக்கு முன்பல் முளைத்தபோது பாட்டி கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்தி, "ஈ காட்டு" என்று பார்த்தாராம். வெள்ளையாக இருந்ததாம். "ஒகேனக்கல் தண்ணி" என்று பாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, இறுதித் திட்டம் இதுதான். வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு ஓசூர் பேருந்து நிலையம். தேன்கனிக்கோட்டையில் டிபன். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகப் பத்து மணிக்குள் ஒகேனக்கல். எண்ணெய்க் குளியல், மெயின் அருவி, பரிசல், மீன் வறுவல். மூன்று மணிக்குத் திரும்பக் கிளம்பி, இருட்டுவதற்குள் அஞ்செட்டி தாண்டிவிட வேண்டும். (அப்பா, படித்துவிட்டீர்களா?)

ஐந்து பேரும் வருகிறோம். எந்தக் கரையிலிருந்து பார்ப்பது என்பதைப் பரிசல்காரர் முடிவு செய்வார்.

போய் வந்து எழுதுகிறேன்.